ஙா என்றொரு சொல்

முதன்முதலில் திமிங்கிலத்தைப் பார்த்த அன்று, காவல்மேடை மேலே ஏதோ வேலையாக ஏறியிருந்த வீட்டுக்காரருக்கு எடுத்துப்போன கஞ்சியைத் தூக்குச்சட்டியோடு கீழே போட்டேன். நாற்பது படி ஏறி மேலே வந்து மூச்சு வாங்க நிற்கிறேன், எதிரே கடலில் அதுவரை இல்லாத ஒரு மேடு முளைக்கிறது. கறுப்பாக, பளபளவென்று, அவசரமே இல்லாமல். முளைத்தது நகரவும் ஆரம்பித்தது. அப்புறம் உஸ்ஸென்று ஒரு சத்தம், அதன் தலையிலிருந்து புகை. நான் போட்ட கூச்சலில் கொடிக்கம்பத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. வீட்டுக்காரர் கவிழ்ந்த சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்னங்க, கடலு பொளந்துக்கிட்டு வருதுங்க!” என்றேன். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று கால் நடுங்கியது பொய்யில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. ரங்கூன் ஆறு கடலில் போய் விழுகிற இடத்தில், ஊரிலிருந்து லாஞ்சி என்கிற நீராவிப் படகில் அரைநாள் தூரத்தில், தேக்குமரத்தில் கட்டிய உயரமான காவல்மேடை ஒன்று இருந்தது. வெளியிலிருந்து எந்தக் கப்பல் வருகிறது, எது போகிறது என்று மேலே இருந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள். கீழே ஒரு சின்ன அறையில் டெலிபோன். மேலே இருப்பவர் குரல் கொடுப்பார், கீழே இருப்பவர் அதை எழுதிக்கொண்டு ரங்கூன் துறைமுகத்துக்குப் பேசுவார். கீழே இருந்த குமாஸ்தா என் வீட்டுக்காரர். மேடைக்குப் பின்னால் இரண்டே அறையில் எங்கள் குடித்தனம். அக்கம்பக்கம் என்று சொல்ல நண்டும் சேறும்தான்.

மேலே இருந்தவர் ஒரு பர்மாக்காரர், அறுபது வயது இருக்கும். பெரியவர்களை அவர்கள் ஊலே என்பார்கள், நம் மாமா மாதிரி. நானும் அவரை ஊலே என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தமீ என்பார். மகளே என்று அர்த்தம். வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவார். பாதி சொல் கடலுக்குப் போகும், மீதி நமக்கு வரும்.

மழை விட்டு, பர்மாக்காரர்களின் விளக்குப் பண்டிகை முடிந்த கையோடு அந்தப் பெரிய மீன்கள் வரும். எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று ஊலேக்கும் தெரியாது. பொடிமீன் கூட்டம் கரைப்பக்கம் ஒதுங்கும், அதைத் துரத்திக்கொண்டு இவை வரும், தை மாதத்துக்குள் காணாமல் போய்விடும் என்பார். வந்தது ஒவ்வொன்றுக்கும் மேடைத் தூணில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். அவருக்குச் சம்பளம் கப்பல் பார்க்கத்தான், ஆனால் கப்பலைக் கண்டால் கொட்டாவி விடுவார். மீனைக் கண்டால் போதும், துள்ளுவார். முதல் நாள் கஞ்சியைக் கொட்டிய நான் பத்தே நாளில் அவருக்குச் சரியான கூட்டாளி ஆகிவிட்டேன். சமையலைப் பாதியில் விட்டுவிட்டு மேலே ஓடுவேன். தாயும் குட்டியுமாக ஒரு ஜோடி வரும். தாய் ஒரு தடவை மூச்சு விட்டால் குட்டி மூன்று தடவை விடும். வாயை அகலத் திறந்துகொண்டு தண்ணீருக்கு மேலே ஒரு எழுச்சி எழும், கடற்பறவைகள் அதன் வாய்க்குள்ளேயே பாய்ந்து பொடிமீனைத் திருடும். “குழம்பு அடிபிடிச்சு நாறுது, இங்க என்ன வேடிக்கை? அந்தத் தூரக்கண்ணாடி கப்பல் பார்க்க சர்க்கார் கொடுத்தது” என்று வீட்டுக்காரர் கீழே இருந்து கத்துவார். கத்தட்டும் என்று இருப்பேன்.

எனக்கு ஒரு கர்வம் உண்டு. பர்மா பாஷை எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைப்பு. ரங்கூன் வந்த ஆறே மாதத்தில் கடைகண்ணியில் சண்டை போடும் அளவுக்குப் பேசினேன். அக்கா எனக்கு மூன்று வருஷம் முன்னால் வந்தவள். அவளுக்குத் தெரிந்த பர்மா ஒரே ஒரு சொல்தான். ஙா. மீன் என்று அர்த்தம். மார்க்கெட்டுக்குப் போவாள், கூடையைக் காட்டி “ஙா” என்பாள், விரலைக் காட்டுவாள், வாங்கி வந்துவிடுவாள். “இத்தனை வருஷமா இருக்கே, ஒரு ஙாவை வச்சுக்கிட்டே குடித்தனம் நடத்துறியே” என்று அவளை நான் செய்யாத கேலி இல்லை. நம் அரிச்சுவடியில் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த எழுத்துக்குப் பர்மாவில் வந்துதான் உத்தியோகம் கிடைத்தது என்று வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த ஙாவுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஐந்து. ஒரே ஒலி, எழுதினாலும் ஒரே எழுத்து. ஆனால் பர்மாக்காரர்கள் குழம்பவே மாட்டார்கள். ஏனென்றால் அவர்கள் எண்ணைத் தனியாகச் சொல்வதில்லை, பின்னால் ஒரு வால் ஒட்டித்தான் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு வால், மீனுக்கு ஒரு வால், படகுக்கு ஒரு வால். ஐந்து படகு என்றால் “லே ஙா சின்.” லே என்றால் படகு, அந்த சின்தான் வால். வால் இல்லாமல் வெறும் ஙா என்றால் அது மீன். நம் ஆட்கள் பர்மா பேசும்போது இந்த வாலை விட்டுவிடுவோம், அவர்களும் சிரித்துக்கொண்டு புரிந்துகொள்வார்கள். நானும் விடுகிறவள்தான். என் பர்மாவின் லட்சணம் அவ்வளவுதான் என்று எனக்கு அப்போது யார் சொல்வது?

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு மாப்பிள்ளை பார்த்ததே அவர்தான். துறைமுகத்தில் ஆழம் பார்க்கும் படகில் வேலை. ஆறு கொண்டுவந்து கொட்டுகிற மணல் ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறும். மழை முடிந்ததும் படகில் போய், ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எங்கே எவ்வளவு ஆழம் என்று பார்த்து வர வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கப்பல் தரைதட்டும். ஐந்து படகு, படகுக்கு ஆறு பேர், முக்கால்வாசி நம் ஆட்கள். ஒரு லாஞ்சி அவர்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும். அத்தான் ஐந்தாம் படகு. போகிற வழியில் எங்கள் மேடையைக் கடக்கும்போது கையைத் தூக்கி, “என்னாம்மா, மீனு குழம்பு ஆச்சா?” என்று ஒரு சத்தம் கொடுப்பார். எப்போது பார்த்தாலும் தலையில் ஒரு சிவப்புத் தலைப்பாகை. அதை வைத்துத்தான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன்.

மறுவருஷம் ஐப்பசியில் அவர்கள் போன அன்று நான் மேலே இல்லை. வீட்டுக்காரருக்கு முறைக்காய்ச்சல். கம்பளிக்கு மேல் கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. நான் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தபோது படகுகள் கடந்து போய்விட்டன, அத்தானின் குரல் மட்டும் கேட்டது. சாயங்காலம் பார்த்தால் வானம் மைபோலக் கறுத்து ஒரு காற்று அடித்தது. எங்கள் கூரையில் பாதி போயிற்று. மறுநாள் விடிந்ததும் டெலிபோன். நான்தான் எடுத்தேன். லாஞ்சி மட்டும் ரங்கூன் திரும்பிவிட்டதாம், இழுத்த கயிறு அறுந்து ஐந்து படகும் காணோமாம். தேடப் போவதற்கு லாஞ்சியில் நெருப்புப் போட்டு நீராவி ஏற்றிக்கொண்டிருக்கிறோம், ஒன்பது மணிக்குத் தண்ணீர் வற்றும்போது அதோடு கிளம்பிவிடும், அதற்குள் மேடையிலிருந்து ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லு என்றார்கள்.

வீட்டுக்காரரை எழுப்பினால் கண்ணைத் திறந்து யாரோ மாதிரி பார்க்கிறார். மேலே ஓடினேன். “ஊலே, படகு. அஞ்சு படகு. எங்க அக்கா புருஷன் அதுல இருக்காரு” என்று பர்மாவில் அழுதேன். லே ஙா என்றுதான் சொல்லியிருப்பேன், வாலைத் தின்றுவிட்டு. அவர் என் தலையில் கைவைத்து, “தமீ, நீ கீழே போய் டெலிபோன் பக்கத்தில் இரு. தெரிந்தால் கூப்பிடுகிறேன்” என்றார்.

கீழே வந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் எனக்கு ஐந்தைத் தவிர வேறு நினைப்பில்லை. அம்மனை வேண்டினேன், ஐந்து என்று. விரலை மடக்கினேன், ஐந்து. எட்டு மணியைத் தாண்டியிருக்கும். மேலேயிருந்து சத்தம் வந்தது. காற்றில் பிய்ந்துகொண்டு வந்தது.

“ஙா! தமீ, ஙா! ஙா லாபி!”

லாபி என்றால் வந்தாச்சு. ஐந்து வந்தாச்சு. வால் எங்கே என்று நான் கேட்கவில்லை. காற்று தின்றுவிட்டது என்றுகூட நினைக்கவில்லை. நினைப்பே இல்லை. டெலிபோனைச் சுற்றி, அந்தப் பக்கம் எடுத்த தமிழ்க் குமாஸ்தாவிடம் கத்தினேன்: “அண்ணே, அஞ்சும் வருது!”

“அஞ்சுமா?”

“அஞ்சும்! அஞ்சும் வருது!”

பாருங்கள், ஊலே வால் இல்லாமல் ஒரு சொல்லைப் போட்டார். நான் அதற்கு ஒரு தமிழ் வாலை ஒட்டிவிட்டேன். அஞ்சு இல்லை, அஞ்சும். ஒன்றும் பாக்கியில்லாமல் அத்தனையும். அந்த உம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை என்னையே கேட்கிறேன். டெலிபோனில் அந்தக் குமாஸ்தா “அம்மா, உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்” என்று சொன்னதும், அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் ஹோவென்று கத்தியதும் கேட்டது.

சந்தோஷத்தில் படி ஏறியதே தெரியவில்லை. அத்தானின் சிவப்புத் தலையை முதலில் நான்தான் பார்க்க வேண்டும் என்று ஆசை. “எங்கே, எங்கே” என்று கண்ணாடியைப் பிடுங்கினேன். ஊலே சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். கண்ணாடியில் ஒரு கறுப்பு முதுகு எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. சின்னதாக ஒரு குட்டி. உஸ்.

“படகு எங்கே ஊலே?”

“படகா? படகு இன்னும் இல்லை தமீ. மீன் வந்துவிட்டது என்று கூப்பிட்டேன். இந்த வருஷத்தில் இதுதான் முதல். நீ விடிந்ததிலிருந்து சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாயே, இதைப் பார்த்தாலாவது மனசு ஆறும் என்று.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கிழவர் முகத்தைப் பார்த்தேன், வெற்றிலைச் சாறு ஒழுக அப்படி ஒரு சந்தோஷம். நான் டெலிபோனில் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. தமிழ் தெரியாது அவருக்கு.

இதுவரைக்கும் சொன்னதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். காது கேட்டதில் தப்பு, காற்று, பாஷை என்று ஏதாவது ஒன்றின் தலையில் போட்டுவிடலாம். இனிமேல் சொல்வதுதான் என் தொண்டையில் நிற்பது.

நான் உடனே கீழே இறங்கி இன்னொரு தடவை டெலிபோனைச் சுற்றியிருக்க வேண்டும். ஒன்பது ஆக நேரம் இருந்தது. இறங்கவும் செய்தேன். டெலிபோன் முன்னால் நின்றேன். அண்ணே, அது படகில்லை, மீனு என்று எப்படிச் சொல்வேன்? அந்த ஹோவென்ற சத்தம் காதிலேயே இருந்தது. அதற்குள் அக்காவுக்குச் சேதி போயிருக்கும். குமாஸ்தா இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெண்டாட்டி ஏன் பேசினாள் என்று கேட்பார்கள். இவர் வேலை போகும். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்கக்கேடு, எனக்கு ஒரு நப்பாசை. மீன் வந்த வழியிலேயே படகும் வந்துவிடாதா? வந்துவிட்டால் நான் சொன்னது நிஜமாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

மறுபடி மேலே போனேன். கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நின்றேன். அந்தத் தாயும் குட்டியும் இன்னொரு பெரிய மீனும் எனக்கு எதிரிலேயே மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு முதுகு எழும்போதும் படகு, படகு என்று நெஞ்சு எகிறும். ஒவ்வொரு தடவையும் உஸ். நான் ஓடிவந்து பார்த்த அதே மீன்கள். அன்று அவற்றைக் கல்லால் அடித்துக் கொல்லலாம் போலிருந்தது. தவறு நடந்தது ஒரு நொடி. நான் அங்கே நின்றது மூன்று மணி நேரம். அதற்கு எந்தப் பாஷையைக் குறை சொல்வது?

உச்சிப்பொழுதில் வீட்டுக்காரருக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, “ஏதாவது சேதி உண்டா?” என்றார். சொன்னேன். அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே டெலிபோனை எடுத்தார். “காலையில் சொன்னது தப்பு. நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன்” என்றார். நான் என்றார். மீனைப் பற்றிப் பேசவே இல்லை.

அதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. ஐந்தும் வருகிறது என்றதும் லாஞ்சியில் நெருப்பை வாரிக் கொட்டிவிட்டார்கள். ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். திரும்ப நீராவி ஏறுவதற்குள் தண்ணீர் திரும்பி, எதிர்த்துக்கொண்டு மேலே ஏறியது. மறுநாள் காலைதான் கிளம்ப முடிந்தது.

அன்று மத்தியானத்துக்கு மேல் நாலு படகு கிடைத்தது. ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு, மேற்கே ஒரு சேற்றுத்திட்டுக்குப் பின்னால். இருபத்துநாலு பேரும் உயிரோடு. ஐந்தாம் படகு இல்லை.

மூன்றாம் நாள் நான் ரங்கூன் போனேன். அக்காவின் வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே அடுப்பங்கரையில் மீன்குழம்புச் சட்டி மூடியபடி இருந்தது. சேதி கேட்ட அன்றே தலை முழுகி, பூ வைத்து, கோயிலில் தேங்காய் உடைத்து, மார்க்கெட்டுக்கு ஓடி இருப்பதில் பெரிய மீனாக வாங்கி வந்து வைத்த குழம்பாம். யாரும் அதைத் தொடவில்லை. அப்போது நாலாம் படகுக்காரர் ஒருவர், உதடெல்லாம் வெடித்துப்போய், வாசலில் நின்றபடி சொன்னார். ஐந்தாம் படகு காற்றிலேயே உடைந்துவிட்டதாம். ஆறு பேரும் தூரத்தில் ஒரு மணல்திட்டில் நின்றார்களாம், மறுநாள் பகல் முழுக்க. இவர்களால் நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட முடியவில்லை. “சாயங்காலம் வரைக்கும் தெரிஞ்சாங்க அக்கா. லாஞ்சி வரும், லாஞ்சி வரும்னு நாங்களும் கத்திக்கிட்டே இருந்தோம். தண்ணி ஏறிச்சு. அப்புறம் தெரியல.”

சாயங்காலம் வரைக்கும். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் லாஞ்சி மூன்று மணிக்கெல்லாம் அங்கே இருக்கும். அந்தக் கணக்கு அத்தனை கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அக்கா அழுகையை நிறுத்தி என் கையைப் பிடித்தாள். “நீதானேடி போன்ல சொன்னே? அஞ்சும் வருதுன்னு? அப்போ எங்கேயோ ஒரு நிமிஷம் அவரைப் பார்த்திருக்கே. பார்த்தியா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். “பார்த்தேன்க்கா” என்று வந்தது.

“எப்படி இருந்தாரு?”

“முன்னாடி நின்னுக்கிட்டிருந்தாரு. தலையில சிவப்புத் தலைப்பா கட்டிக்கிட்டு.”

அக்கா என்னையே பார்த்தாள். முகம் சட்டென்று வேறு மாதிரி ஆயிற்று. துக்கம் என்று நினைத்தேன். கையை விட்டுவிட்டு உள்ளே போய், மீன்சட்டியை எடுத்துக் கொல்லையில் கவிழ்த்தாள். அதற்கப்புறம் அவள் வீட்டில் மீன் இல்லை.

என்னால் அந்த மேடையில் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. உஸ்ஸென்று சத்தம் கேட்டால் சோறு இறங்காது. ஊலே நாலைந்து தடவை மேலே கூப்பிட்டுப் பார்த்தார். போகவில்லை. என்ன கோபமோ என்று அவர் முகம் வாடிப்போயிற்று, பாவம். தை பிறந்ததும் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு, இன்சீனில் ரயில் பட்டறையில் கணக்கெழுதப் போனார். எங்களுக்குள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவர் அதைத் தன் தப்பாகவே வைத்துக்கொண்டார். நானும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வருஷாவருஷம் ஐப்பசியில் அத்தானின் திதிக்கு இன்சீனிலிருந்து ரயிலேறி அக்கா வீட்டுக்குப் போவேன். இடியாப்பம் அவித்து விற்றுத் தனியாகவே காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். படையல் போட்டு, சாப்பிட்டு, எல்லோரும் போன பிறகு கேட்பாள். தவறாமல் கேட்பாள். “சொல்லுடி. அன்னிக்கு எப்படி இருந்தாரு?”

சொல்வேன். என்ன செய்வது, அவளுக்கு ஆறுதலாக இருக்கிறது என்று நினைத்துச் சொல்வேன். படகின் முன்னால் நின்றார் என்பேன். ஒரு வருஷம் கை ஆட்டினார் என்பேன். இன்னொரு வருஷம் சிரித்தார் என்பேன். தலைப்பாகையை அவிழ்த்து வீசிக் காட்டினார் என்றுகூட ஒரு தடவை சொன்னேன். அதன் கரையில் மஞ்சள் கோடு தெரிந்தது என்று இன்னொரு தடவை. எனக்கே பிடிபட்டுவிட்டது. சொல்லச் சொல்ல, நிஜமாகவே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அக்கா குறுக்கே பேச மாட்டாள். கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஆறாவது வருஷம். அந்தத் தடவை மழை இழுத்துக்கொண்டு போயிற்று. திதியன்றுதான் நல்ல வெயில். பூசணம் பிடித்துவிட்டதென்று பெட்டியிலிருந்த துணியையெல்லாம் அக்கா வாசலில் கொடி கட்டிக் காயப்போட்டாள். நானும் கூட உதறிக் கொடுத்தேன். அடியில் ஒரு பழைய புடவைக்குள் சுருட்டி வைத்த துணி ஒன்று. உதறினேன். சிவப்பு. நீளமாக. கரையில் கோடு கீடு ஒன்றும் இல்லை.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. புரிந்தும் கேட்டேன். “இன்னொன்னு வச்சிருந்தாராக்கா?”

“அவருக்கு ஏது ரெண்டு” என்றாள் அக்கா. கொடியில் துணியைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல். “முந்தின நாள் துவைச்சேன். காயல. ஈரமா இருக்கு, இருக்கட்டும்னு கொடியிலேயே விட்டுட்டு வெறுந்தலையோட போனாரு.”

என் கையிலிருந்த துணியைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. ஆறு வருஷம். முதல் நாள், அந்த வாசலில், கூட்டத்தின் நடுவில் நான் சிவப்புத் தலைப்பா என்று சொன்ன போதே அவளுக்குத் தெரியும்.

“தெரிஞ்சுமாக்கா வருஷம் தப்பாம கேட்டே?”

“இந்த வருஷமாவது நீ நிறுத்துவியான்னு பார்த்தேன். நீ என்னடான்னா மஞ்சக் கோடு போட்டே.”

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. காலில் விழலாமா என்று நினைத்தேன். அக்கா வந்து என் கையிலிருந்த துணியை வாங்கி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“நீ அவரைப் பார்க்கல. அது எனக்குத் தெரியும். ஆனா எதையோ பார்த்துத்தானே அந்தக் கிழவரு மேலேருந்து கத்தியிருக்காரு? லாஞ்சியை நிறுத்துற மாதிரி என்னடி கத்தினாரு? நீ சொல்றது வேணாம். அவரு வாயிலேருந்து வந்ததை அப்படியே சொல்லு.”

எத்தனையோ பேசியிருக்கிறேன் என் ஆயுசில். அன்று என் வாயிலிருந்து அந்த ஒரு எழுத்தைப் பிடுங்க எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாது.

“ஙா” என்றேன்.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“மீனா?” என்றாள்.